"நான் டாக்டர்தான், நம்புங்க": மெடிக்கல் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், இருபது வருஷத்துக்கு மேலாக மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். முன்பெல்லாம் ஜனங்கள் சீட்டு கொண்டுவருவார்கள். இப்போது பாதிப் பேர் போனைத் திருப்பிக் காட்டுகிறார்கள். ஃபேஸ்புக்கில் ஒரு டாக்டர் எழுதியது, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு டாக்டர் சொன்னது, யூடியூப்பில் கோட்டு போட்டவர் தூக்கிக் காட்டிய டப்பா. "இது இருக்காண்ணா?" என்று கேட்பார்கள். "சொன்னவர் யாரு?" என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு நடக்கும் வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிட்டேன்.

டாக்டர்னு சொல்றவரையே "நீங்க டாக்டர்தானா"னு கேட்கிறது மரியாதைக் குறைவு இல்லையா?

நம்ம ஊரில் இந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம். காரணம் இருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒற்றைக் கட்டிலோடு இங்கே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வந்தது, 1947-இல் ஆண்களையும் சேர்த்தார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பெரியவர்களுக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே கை தானாகக் குவியும்.

அந்தக் கும்பிடு கண்ணால் பார்த்த மனிதர்களுக்குப் போட்டது. அவர் எந்த அறையில் உட்காருகிறார், எந்தக் கிழமை ஓ.பி., அவரிடம் பிரசவம் பார்த்த அத்தை யார் என்று எல்லாம் தெரியும். போனில் வருபவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஒரு பெயர், ஒரு படம், "நான் டாக்டர்" என்று ஒரு வரி. கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்ய வருகிறவரிடம் "எந்த ஏஜென்சிப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறோம்.

ஒருமுறை ஒரு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் தன் அம்மாவுக்காகச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். பதிவு எண் இல்லை, தர முடியாது என்றேன். ஐந்து நிமிடத்தில் அவரே போன் செய்தார். "நீங்க கேட்டது சரிதான், எழுத மறந்துட்டேன்" என்று எண்ணைச் சொன்னார். இன்னொரு டாக்டர், அவரும் நிஜமானவர்தான், "என்னையே கேட்கிறியா?" என்று எகிறினார். அதனால் கோபப்பட்டாலே போலி என்று சொல்ல மாட்டேன். கோபப்பட்டுவிட்டுக் கடைசிவரை எண்ணைத் தராமல் போகிறவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

"சி.எம்.சி.ல இருக்கேன்"னு ஒருத்தர் குரூப்ல சொன்னார். அது போதாதா?

போதாது. வேலூரில் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் ரொம்ப விரிவு. அங்கே டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், ரத்தம் எடுப்பவர், பில் போடுபவர், துணி வெளுக்கும் பிரிவில் இருப்பவர், செக்யூரிட்டி என்று ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள், அத்தனையும் உண்மை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியைச் சொன்னாலும் இதே கதைதான். சொல்கிறவர் பொய்யே சொல்லாமல் இருக்கலாம். கேட்கிறவர் மனதில் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வந்து உட்கார்ந்துவிடும்.

சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு குரூப்பில் இதுதான் நடந்தது. ஒருவர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை. நல்ல மனிதர். யாரோ காய்ச்சலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்க, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அடுத்த முறை அவரையே கேட்டார்கள். மூன்றாவது முறை "டாக்டர் சார்" என்றார்கள். அவர் மறுக்கவில்லை. அவ்வளவுதான், ஆறு மாதத்தில் குரூப்புக்கு ஒரு டாக்டர் கிடைத்துவிட்டார். யாரும் யாரையும் ஏமாற்றத் திட்டம் போடவில்லை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் ஒரு தாத்தாவுக்கு மூட்டுவலி மாத்திரை சொன்னபோது விஷயம் என் கவுண்டருக்கு வந்தது. இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். தாத்தாவின் பேரன் பழைய சீட்டையும் கையோடு கொண்டுவந்ததால் தப்பித்தோம்.

ஆகவே ஊர்ப் பெயரையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அங்கே என்னவாக இருக்கீங்க?" என்ற அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

பெயருக்கு முன்னால் "டாக்டர்" போட்டிருந்தால்?

காட்பாடிப் பக்கம் நடந்து பாருங்கள், வீட்டு கேட்டில் "டாக்டர்" என்று பலகை இருக்கும். பாதிப் பேர் கல்லூரிப் பேராசிரியர்கள். வேதியியலிலோ கணினியிலோ பிஎச்.டி. முடித்தவர்கள், நியாயமாகவே டாக்டர். நெஞ்சுவலி என்று கதவைத் தட்டினால் அவரும் உங்களோடு சேர்ந்து 108-க்குத்தான் போன் செய்வார்.

பல் டாக்டர் இருக்கிறார், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி படித்தவர்கள் இருக்கிறார்கள், கால்நடை மருத்துவர் இருக்கிறார். அப்புறம் ஃபிளெக்ஸ் பேனர் டாக்டர்கள். ஏதோ ஒரு பெயர் தெரியாத பல்கலைக்கழகம் நட்சத்திர ஹோட்டலில் சால்வை போர்த்திக் கொடுத்த கௌரவப் பட்டம். மறுநாளே பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்அவுட் வந்துவிடும். அதைப் பற்றி மேலே எழுதினால் எனக்கு வியாபாரம் கெடும்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். அடிப்படை. அதற்கு மேல் எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. அதற்கும் மேல் டி.எம்., எம்.சிஎச். ஆர்.எம்.பி. என்று மட்டும் போட்டிருந்தால் அது படிப்பே இல்லை. பதிவு பெற்ற மருத்துவர் என்பதன் சுருக்கம் அது. நம் கிராமங்களில் எதையும் படிக்காதவர்கள் அதைப் பட்டம்போலப் போட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எப்படிச் சரிபார்க்கிறது? எனக்கு இன்டர்நெட் அவ்வளவா தெரியாது.

ஒரே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "உங்க ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன, எந்தக் கவுன்சில்?"

இது புதிதாக முளைத்த ஏற்பாடு இல்லை. சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுக்கான சட்டம் 1914-லேயே வந்துவிட்டது. யார் படித்தவர், யார் படிக்காதவர் என்று ஜனங்களுக்குத் தெரியாமல் போனதுதான் அப்போதும் பிரச்சினை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஆங்கில மருத்துவம் பார்ப்பவர்களைப் பதிவு செய்வது தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். அதன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுத் தேடலாம். தேசிய அளவில் பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அதன் தளத்திலும் தேடலாம்.

எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நம்ம ஊரில் படுத்துவிடும். "குமார்" என்று போட்டால் வரும் பட்டியலைப் படித்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், அப்பா பெயர் முழுசாக இருக்கும். அதனால்தான் எண்ணைக் கேட்கச் சொல்கிறேன்.

எண்ணைச் சொல்வதில் டாக்டருக்கு எந்த ரகசியமும் கிடையாது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள்படி கிளினிக்கிலும், சீட்டிலும், சான்றிதழிலும், பண ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். 2020 மார்ச் 25-இல், கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாள், டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகள் வெளியாயின. போனிலோ வீடியோவிலோ வைத்தியம் பார்ப்பவர் அனுப்பும் சீட்டிலும் செய்தியிலும் இணையதளத்திலும் பதிவு எண் தெரிய வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அவர் கொடுக்க வேண்டியதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

மற்றவர்களுக்கும் இதேபோல இடம் உண்டு. பல் மருத்துவர்களுக்கு டென்டல் கவுன்சில், சித்த மருத்துவர்களுக்குத் தனிக் கவுன்சில், நர்ஸ்களுக்கு ஒன்று, என்னைப் போன்ற பார்மசிஸ்டுகளுக்கு ஒன்று.

நம்பர் கொடுத்தார், தளத்துல பெயரும் வந்துச்சு. அப்போ நம்பலாம்தானே?

அந்தப் பெயரில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்பது உறுதியாகிவிட்டது. உங்களோடு பேசுவது அவர்தானா என்பது வேறு கேள்வி. கிளினிக் வாசலில் எழுதிப்போட்டிருக்கும் எண்ணை யார் வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு டாக்டரின் பெயர், எண், படம் மூன்றையும் சுட்டு ஒரு புது ஃபேஸ்புக் கணக்கு தொடங்கப் பத்து நிமிடம் போதும். இப்போது முகத்தையும் குரலையும்கூடக் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள். பிரபலமான டாக்டர்களே "அந்த விளம்பரத்தில் இருப்பது நானில்லை" என்று வீடியோ போட வேண்டியிருக்கிறது.

அவர் வேலை செய்வதாகச் சொல்லும் ஆஸ்பத்திரியின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். அவர் அனுப்பும் எண் வேண்டாம். அங்கே போன் செய்து, "இந்த டாக்டர் இங்கே ஓ.பி. பார்க்கிறாரா, எந்தக் கிழமை?" என்று மட்டும் கேளுங்கள். சாதாரணமாக எல்லோரும் கேட்கும் கேள்விதான் என்பதால் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

தேடிப் பார்த்தேன், பெயரே வரலை. போலிதானே?

அவசரப்படாதீர்கள். வேறு மாநிலத்தில் பதிவு செய்திருக்கலாம். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் கேரளா, வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருக்கலாம், எழுத்துக்கூட்டு மாறியிருக்கலாம். 2024-இல் தொடங்கிய புதிய தேசியப் பதிவேட்டில் டாக்டர்களே போய் விவரம் சேர்க்க வேண்டும், அதில் பெயர் இல்லை என்பதால் மட்டும் ஒருவர் போலி ஆகிவிட மாட்டார். "எந்த மாநிலக் கவுன்சில், எந்தப் பெயரில்?" என்று இன்னொரு தரம் கேளுங்கள். அதற்கும் மழுப்பினால்தான் கதவை மூட வேண்டும்.

லண்டனில் இருக்கிற தமிழ் டாக்டர் என்கிறார். அதை எப்படிப் பார்ப்பது?

அது இன்னும் சுலபம். பிரிட்டனில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் என்ற அமைப்பின் பதிவேடு யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டாக்டருக்கும் ஏழு இலக்க எண் உண்டு, இப்போது வைத்தியம் பார்க்க உரிமம் இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி போர்டு. ஆனால் லண்டன் பதிவு நிஜமாகவே இருந்தாலும், குடியாத்தத்தில் இருக்கும் உங்கள் அக்காவுக்குச் சீட்டு எழுத இந்தியப் பதிவு வேண்டும். பொதுவாக விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரை பெயர் வந்தால் நிறுத்துங்கள்.

இதன் தலைகீழ் ஒன்றும் உண்டு. "வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடிச்சிருக்கேன்" என்பவர். ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ் என்று போய்ப் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் இங்கே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும், 300-க்கு 150 எடுக்க வேண்டும். அதைத் தாண்டிப் பயிற்சியும் முடித்தால்தான் பதிவு. படித்து முடித்ததும் பதிவு பெற்றதும் ஒன்று கிடையாது. தேர்வுக்காக இரண்டு மூன்று வருஷம் முயன்றுகொண்டிருக்கும் பிள்ளைகளைக் கேலி செய்யச் சொல்லவில்லை, அவர்களில் நேர்மையானவர்கள் அதைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

பேச்சை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

கொஞ்சம் முடியும். ஆனால் ஜனங்கள் தப்பான அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். வாயில் நுழையாத வார்த்தையாகச் சொன்னால் டாக்டர் என்று நினைக்கிறார்கள். கிரியாட்டினின், ஹெச்பிஏ1சி என்று கிட்னி, சுகர் டெஸ்ட் பெயரெல்லாம் இப்போது ஆட்டோ ஓட்டும் தம்பிக்கும் தெரியும். வீட்டில் ஒரு சுகர் நோயாளி இருந்தால் மூன்று மாதத்தில் இந்த பாஷை வந்துவிடும்.

நான் கவனித்த வரையில் நிஜ டாக்டர் முதலில் பதில் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். வயசு என்ன? எத்தனை நாளா? வேற என்ன மாத்திரை போடுறாங்க? கிட்னி டெஸ்ட் எப்போ எடுத்தது? கர்ப்பமா? அலர்ஜி உண்டா? இதெல்லாம் தெரியாமல் வாய் திறக்க அவர்களுக்குப் பயம். ஐந்தரை வருஷப் படிப்பில் அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். "பார்க்காம சொல்ல முடியாதுங்க" என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அதைக் கேட்டால்தான் நிம்மதி.

போலி ஆள் கேள்வி கேட்க மாட்டார். தயாராகப் பதில் வைத்திருப்பார், அது எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்கும். "நூறு சதவீதம் கேரன்டி" வரும். "ஆஸ்பத்திரிக்காரங்க இதைச் சொல்ல மாட்டாங்க" வரும். "குரூப்பில் வேண்டாம், தனியா மெசேஜ் பண்ணுங்க" என்பார். அங்கே போனால் ஒரு டப்பாவின் படமும் ஜிபே எண்ணும் இருக்கும். டப்பா வந்துவிட்டால் மேலே ஆராயத் தேவையே இல்லை.

நிஜ டாக்டர்தான்னு தெரிஞ்சுடுச்சு. இனி அவர் சொல்றதைச் செய்யலாம்தானே?

இந்த இடத்தில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். பட்டம் உண்மை, ஆள் உண்மை. ஆனால் அவர் எதைப் பற்றிப் பேசுகிறார்? தோல் டாக்டர் இதய அடைப்பைப் பற்றி, பல் டாக்டர் தைராய்டைப் பற்றி. நீண்ட படிப்பு படித்தவர்தான், அந்த விஷயத்தில் உங்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். ஆனால் தினமும் அந்த நோயாளிகளைப் பார்ப்பவர் இல்லை.

அதைவிடப் பெரிது, அவர் உங்களைப் பார்க்கவில்லை. ஒரு பொது வீடியோவில் இதய நிபுணர் சொல்வது முழுக்கச் சரியாக இருக்கலாம், உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாமல் போகலாம். வாலாஜாவிலிருந்து வரும் ஒரு அம்மா, உப்பைக் குறைக்கச் சொல்லும் வீடியோ பார்த்து, சாதா உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்புக்கு மாறினார். வீடியோவில் பேசியவர் நிஜ டாக்டர், சொன்னதும் நல்ல விஷயம். இந்த அம்மாவுக்குக் கிட்னி ஏற்கெனவே பலவீனம், பொட்டாசியம் அவருக்கு ஆகாது. அந்த வீடியோவிலேயே "கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் தவிர" என்று சொல்லியிருந்தார். அந்த இடம் வருவதற்குள் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அதனால் தகுதியைச் சரிபார்ப்பது முதல் படிதான். "டாக்டர் சொன்னார்" என்பதைக் கழித்துவிட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் தனியே வைத்துப் பாருங்கள். காரணம் சொல்கிறாரா? யாருக்கு ஆகாது என்று சொல்கிறாரா? நீங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லிக் கேட்க முடியுமா? நான் டாக்டர் என்ற ஒரே காரணத்தின் மேல் நிற்கும் அறிவுரை, சொன்னவர் டாக்டராகவே இருந்தாலும் எனக்குப் பிடிக்காது.

வாட்ஸ்அப்பில் வந்த சீட்டுக்கு மருந்து தருவீங்களா?

சீட்டைப் பொறுத்தது. டாக்டர் பெயர், படிப்பு, பதிவு எண், முகவரி, நோயாளி பெயர், வயது, தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தால் பார்ப்பேன். "டோலோ 1-0-1, அசித்ரோ 3 நாள்" என்று வெறும் மெசேஜ் இருந்தால் அதற்குப் பெயர் சீட்டு இல்லை.

என் கவுண்டருக்குக் கீழே ஒரு நோட்டு இருக்கிறது. எச்1 அட்டவணை மருந்துகளுக்கானது. பல ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, சில தூக்க மாத்திரைகள் இதில் வரும். 2014-லிருந்து இந்த நடைமுறை. எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்று எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது இதைத்தான். "டாக்டர் பெயர்" என்ற கட்டத்தில் நான் என்ன எழுதட்டும், 'ஃபேஸ்புக்கில் பார்த்தவர்' என்றா?

நிஜ டாக்டர் வீடியோவில் பார்த்தாலும் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது. 2020 டெலிமெடிசின் நெறிகளில் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிலவற்றை எந்த முறையில் பேசினாலும் எழுதலாம். சிலவற்றை முதல் தடவை வீடியோவில் முகம் பார்த்த பிறகுதான் எழுதலாம். சிலவற்றை ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்குத் தொடர்ச்சியாக மட்டும் எழுதலாம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைப் பொதுவாக எழுதவே கூடாது. தூக்க மாத்திரையை முன்பின் பார்க்காதவருக்கு சாட்டில் எழுதித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விதி தெரியாதவர் அல்லது டாக்டரே இல்லை.

முகம் வெளுக்கும் கிரீம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஸ்கின் டாக்டர் ரெக்கமண்ட்" என்று இன்ஸ்டாகிராமில் ஓடும் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தினால் இன்னும் மோசமாகும். 2018-லிருந்து ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்பிள்ளைகள் இதற்காக என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அப்போ பரம்பரை வைத்தியர் எல்லாம் போலியா?

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று சொல்லிச் சிரிக்கிறோம். அது "ஆயிரம் வேரைக் கொண்டவன்" என்றிருந்து திரிந்தது என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்வார். ஆயிரம் மூலிகை வேர் தெரிந்தாலும் பாதி வைத்தியன்தான் என்று அர்த்தம். எந்தப் பாடமாக இருந்தாலும் எனக்கு இரண்டும் ஒத்துவருகிறது.

சித்த மருத்துவத்துக்கு ஐந்தரை வருஷப் படிப்பு, பி.எஸ்.எம்.எஸ்., பதிவு எல்லாம் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளிலேயே சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் அதே எண்ணைத்தான் கேட்கச் சொல்கிறேன். படித்த முறைக்குள் அவர் நிற்கிறாரா என்பதையும் பாருங்கள். ஹோமியோபதி படித்த ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தனக்குத் தெரியாத முறையில் வைத்தியம் பார்ப்பவர் போலி வைத்தியரே என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பதிவு உள்ளவருக்கே அந்தக் கதி.

சுகரை அடியோட விரட்டிடலாம்னு ஒரு டாக்டர் விளம்பரம் வருது...

அந்த விளம்பரமே சட்டவிரோதம். 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்துகள், ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டத்தில் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது.

ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் இப்படி ஒரு "டாக்டர்" பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு மாதம் தெம்பாக இருந்தேன் என்றார். ஷூவுக்குள் கால் புண் ஆனது அவருக்குத் தெரியவில்லை, சுகரில் காலில் உணர்ச்சி மந்தமாகிவிடும். அவர் மனைவி கட்டுத் துணி வாங்க வந்தபோது வாசனையிலேயே எனக்குப் புரிந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு விரலோடு போயிற்று. பொடி விற்ற இணையப் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

குரூப்பில் எல்லோர் முன்னாலும் எப்படிக் கேட்பது? சண்டை ஆகிடுமே.

"நீ போலி" என்று ஆரம்பித்தால் சண்டைதான். இப்படி எழுதுங்கள்: "சார், எங்க அம்மா வேற மாத்திரையும் சாப்பிடுறாங்க. அவங்க டாக்டர்கிட்ட காட்டணும். உங்க பெயர், ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரோட எழுதித் தர முடியுமா?" நிஜமானவர் தருவார், அல்லது "நேர்ல காட்டுங்க" என்பார். இரண்டும் நமக்கு நல்லது. மற்றவர் ஜகா வாங்குவார். பெரிய மாமா, சித்தப்பா மாதிரி உறவுக்காரர் ஃபார்வர்ட் போட்டிருந்தால் குரூப்பில் கேட்கவே வேண்டாம், தனியாகப் போன் செய்து "இது எங்கிருந்து வந்தது மாமா?" என்று கேட்டால் போதும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்வீர்களா?

எங்கள் தெரு லாட்ஜுகளில் பெங்காலி பேசுகிறவர்கள்தான் அதிகம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஃபேஸ்புக்கில் "வேலூர் டாக்டர்" ஒருவர் அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருவதாகப் பணம் வாங்கியிருப்பார். காட்பாடியில் இறங்கிப் போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப். அப்பாயின்ட்மென்ட்டை ஆஸ்பத்திரியின் சொந்தத் தளத்திலோ கவுண்டரிலோ மட்டும் போடுங்கள். ஓ.பி. டோக்கனை டாக்டர் யாரும் இன்பாக்ஸில் விற்பதில்லை.

ஏ.ஐ. டாக்டரைக் கேட்கலாமா?

அதற்குப் பதிவு எண் கிடையாது. 2020 டெலிமெடிசின் நெறிகளின்படி அது தானாக ஆலோசனை சொல்லவோ சீட்டு எழுதவோ கூடாது, டாக்டருக்கு உதவியாக இருக்கலாம். ஆன்லைனிலேயே இலவசமாகக் கேட்க வேண்டும் என்றால் அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது, அங்கே பேசுவது பதிவு பெற்ற டாக்டர். தமிழில் விசாரிக்க அரசின் சுகாதார உதவி எண் 104.

ஏமாந்துட்டேன். எங்கே சொல்வது?

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்க்கிறார் என்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், போலீஸ். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் அவரவர் மாவட்டத்தில் விசாரியுங்கள். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, டப்பா, மிச்சமிருக்கும் மாத்திரை எதையும் வீசாதீர்கள். வெட்கப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

மாத்திரை சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் புகாரெல்லாம் அப்புறம், முதலில் 108. டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

இதையெல்லாம் எழுதுற உங்களை எப்படி நம்புறது? நீங்களும் முகம் தெரியாத ஆள்தானே?

ஒரு காலேஜ் பையன் கேட்டான். இந்தப் பட்டியலிலேயே நல்ல கேள்வி. நம்ப வேண்டாம் தம்பி. மேலே சொன்ன சட்டமும் பதிவேடும் என் படிப்பை நம்பி நிற்கவில்லை, கவுன்சில் தளத்தைத் திறந்து உன் வீட்டு டாக்டர் பெயரையே போட்டுப் பார். என்னைத்தான் சோதிக்க வேண்டும் என்றால் நேரில் வா. டிரக் லைசென்ஸும் என் பார்மசிஸ்ட் சான்றிதழும் கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, எண்ணைக் குறித்துக்கொண்டு போகலாம். மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை வராதே, சாப்பிடப் போயிருப்பேன். அப்போது கடையில் இருக்கும் பையன் பார்மசிஸ்ட் இல்லை. கேட்டால் அவனே சொல்லிவிடுவான்.